மார்பகப் புற்று சிகிச்சை முடிந்தும் விடாத பயம்: வருடா வருடம் பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

மாடித்தோட்டம் (திருச்சி):

வணக்கம் தோழிகளே. இவ்வளவு நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 54 வயது. இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து இப்போது லெட்ரோசோல் மாத்திரை மட்டும் ஓடுகிறது. முடி வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் "நல்லாத் தேறிட்டீங்க" என்கிறார்கள். வீட்டில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். என்னால்தான் விட முடியவில்லை. கீமோ நடந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. அடுத்த ஊசி எப்போது, வெள்ளை அணு ஏறியதா என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். இப்போது "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த மூன்று மாதமும் என் உடம்பை நானே காவல் காக்க வேண்டியிருக்கிறது.

காலையில் எழுந்தால் இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொள்கின்றன. எலும்புக்குப் போய்விட்டதோ என்று அன்று முழுக்க அதே நினைப்பு. குளிக்கும்போது தையல் போட்ட இடத்தையும் அக்குளையும் அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தியதாலேயே சில நாள் வலிக்கிறது, அப்புறம் அந்த வலிக்கும் பயம். "நினைச்சுக்கிட்டே இருந்தா அது திரும்ப வந்துடும்" என்கிறார் மாமியார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து, நான் பயப்படுவதே நோயைக் கூப்பிட்டுவிடுமோ என்று வேறு இருக்கிறது.

டாக்டர் கையால் பரிசோதிக்கிறார், வருடத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) போதும் என்கிறார். முழு உடம்பையும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டு எடுக்கலாமா? இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நீங்களெல்லாம் எப்படி நாளை ஓட்டுகிறீர்கள்?

வைகைக்கரை (மதுரை):

தங்கச்சி, முதலில் அந்த மூட்டு வலி. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரை சாப்பிடுகிற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. உடம்பில் ஈஸ்ட்ரோஜனை அடியோடு குறைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை, மூட்டு அதற்கு எதிர்ப்புக் காட்டுகிறது. எனக்குக் கைவிரலில் வந்தது. காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தால்தான் நிற்கும், சட்னி அரைக்க மிக்ஸி மூடியைத் திருக முடியாது. வேலையை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் போனால் விரல் தானாக இளகிவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்து, எழுந்து நடமாடினால் குறைகிறது என்றால் பெரும்பாலும் மாத்திரையின் வேலைதான். ஒரே இடத்தில் நின்று, நாளுக்கு நாள் கூடி, படுத்தாலும் விடாமல் ராத்திரி எழுப்பிவிடுகிற வலி என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. எது எப்படியோ, டாக்டரிடம் சொல்லிவிடு. மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. அதே குடும்பத்தில் வேறு மாத்திரை இருக்கிறது, மாற்றித் தருவார்கள். தினமும் நடந்தால் வலி குறைவதை நானே பார்த்திருக்கிறேன்.

அழுத்திப் பார்ப்பது பற்றி ஒன்று. ஆபரேஷனும் கரண்டும் ஆன இடம் கெட்டியாகத்தான் இருக்கும். கொழுப்பு இறுகி உருண்டை மாதிரிகூடக் கைக்குத் தட்டுப்படும். அடுத்த தடவை போகும்போது டாக்டரையோ நர்ஸையோ உன் விரலைப் பிடித்து ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டச் சொல். இது தழும்பு, இது விலா எலும்பு, இது தையல் முடிச்சு என்று. உன்னுடைய சாதாரண நிலை எது என்று தெரிந்துகொண்டால், மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் மாற்றமே கண்ணுக்குத் தெரியாது, பயம்தான் கூடும்.

சேலத்துக்காரன்:

நான் கணவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் வருடா வருடம் பெட் ஸ்கேன் எடுக்கிறோம், கூடவே புற்று இருந்தால் ஏறும் என்கிற சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையும். டாக்டர் தேவையில்லை என்றுதான் சொன்னார். நாங்களே வெளியில் எடுத்துக்கொள்கிறோம். பணம் போனால் போகிறது. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று பார்த்த அன்று என் மனைவி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாள். அதற்கு என்ன விலை வைக்க முடியும்? முன்னாடியே கண்டுபிடித்தால் நல்லதுதானே? முதல் தடவை அப்படித்தானே சொன்னார்கள்?

வார்டு சிஸ்டர்:

புற்றுநோய் வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சேலத்து அண்ணன் கேட்ட கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது எங்களிடம் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வருவதில் இரண்டு வகை இருக்கிறது. அதே மார்பிலோ தழும்பிலோ அக்குளிலோ வருவது ஒன்று. எலும்பு, கல்லீரல், நுரையீரல் என்று வேறு இடத்துக்குப் போவது இன்னொன்று. முதல் வகையையும், மறு மார்பில் புதிதாக வருகிற கட்டியையும் சீக்கிரம் பிடித்தால் முழுக்கக் குணப்படுத்த வாய்ப்பு இருக்கிறது. வருடாந்திர மேமோகிராமும் டாக்டரின் கைப் பரிசோதனையும் அதற்காகத்தான். அவற்றை ஒரு தடவைகூடத் தவற விடாதீர்கள்.

இரண்டாவது வகையில், தொந்தரவு எதுவும் தெரிவதற்கு முன் ஸ்கேனில் பார்த்தாலும் தொந்தரவு வந்தவுடன் பார்த்தாலும் ஆயுளில் வித்தியாசம் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. 1994இல் இத்தாலியில் நடந்த இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் 1,200க்கு மேற்பட்ட பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே என்று குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மறு பாதிக்கு டாக்டர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். உயிர் வாழ்ந்த காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. அப்போது பெட் ஸ்கேன் புழக்கத்தில் இல்லை, இன்றைய மருந்துகளும் இல்லை, ஆகவே மறுபடி ஆராய வேண்டும் என்று சொல்கிற நிபுணர்களும் உண்டு. ஆனாலும் இன்றுவரை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், தொந்தரவு இல்லாதவர்களுக்கு பெட் ஸ்கேனோ சிஏ 15-3யோ வழக்கமாக எடுக்க வேண்டாம் என்பதுதான். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பது, அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை, அதன்பின் வருடம் ஒரு தடவை. அத்துடன் வருடாந்திர மேமோகிராம்.

எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். பெட் ஸ்கேனில் சர்க்கரை மாதிரி ஒரு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். சுறுசுறுப்பாக வேலை செய்கிற செல்கள் எல்லாமே அதை இழுத்துக்கொண்டு ஒளிரும். புற்று மட்டுமல்ல, சளிக் கட்டு ஒளிரும், பழைய டிபி நெறிக்கட்டி ஒளிரும், தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குள்கூட ஒளிரும். ஒளிர்ந்துவிட்டால் அடுத்து ஊசி குத்தித் துணுக்கு எடுக்க வேண்டும், அந்த முடிவு வரும் வரை குடும்பமே சாப்பிடாது. சிஏ 15-3யும் புற்று இல்லாமலே, கல்லீரல் கோளாறில்கூட ஏறும். இப்படித் தவித்து, கடைசியில் ஒன்றும் இல்லை என்று போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. புதிதாக ஒரு தொந்தரவு இருக்கும்போது ஸ்கேன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தழும்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதுக் கட்டி, மஞ்சள் காமாலை, மூச்சு வாங்குவது, வலிப்பு, கை கால் பலம் குறைவது என்றால் உடனே வர வேண்டும். வேறு வலி, இருமல், தலைவலி, காரணமில்லாத எடைக் குறைவு எதுவானாலும் இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் வந்துவிடுங்கள். "வீண் தொந்தரவு கொடுக்கிறேனோ" என்று யாரும் யோசிக்க வேண்டாம். எங்களுக்கு அதுதான் வேலை.

சேலத்துக்காரன்:

சிஸ்டர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆய்வு சொல்வது புரிகிறது. ஆனால் ஆய்வில் என் மனைவியின் தூக்கத்தைக் கணக்கெடுக்கவில்லையே. உள்ளதைச் சொல்கிறேன். ரிப்போர்ட் வந்த பிறகு கொஞ்ச காலம் வீடு வீடாக இருக்கும். அப்புறம் மெல்ல ஆரம்பித்துவிடும். அடுத்த ஸ்கேன் நெருங்க நெருங்கப் பேச்சு குறையும், இட்லிகூட இறங்காது. அந்த நாட்களில் நான் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். "ஒன்னும் இருக்காது" என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது.

பனையோலை (யாழ்ப்பாணம்):

சேலம் அண்ணாவுக்கு: "ஒன்றும் இராது" என்று சொன்னால் எங்களுக்கு ஏன் கோபம் வாறது தெரியுமா? அது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்தச் சொல்லோடு கதை முடிஞ்சு போகும், பயம் எங்களோடயே நிற்கும். என்ரை மனுசன் இப்ப கேட்கிற கேள்வி வேறை: "இண்டைக்கு எந்த இடத்தில பயம்?" முதுகு எண்டு சொன்னால் "எப்ப துவங்கினது, எழுதி வைச்சிட்டியா" எண்டு கேட்பார். அவ்வளவுதான். எனக்கு அது காணும்.

நான் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்து இப்ப தெல்லிப்பழையில் கிளினிக் போறனான். எனக்கு ஆகக் கஷ்டம் கிளினிக்குக்கு முந்தின கிழமைதான். அங்கை வரிசையில் இருக்கேக்கை, முந்தி எங்களோடை கீமோ ஏத்தினவை திரும்ப வந்து நிற்கிறதைக் காண்போம். அண்டிரவு நித்திரை இல்லை. முந்தி இதை எனக்கு வாற கூடாத சகுனம் மாதிரி நினைச்சனான். இப்ப கிளினிக் நாளுக்கு முந்தின கிழமை இப்பிடித்தான் இருக்கும் எண்டு வீட்டாருக்கு முதலே சொல்லி வைக்கிறன். அந்தக் கிழமையில் கலியாணவீடு, விருந்து ஒன்றும் ஒத்துக்கொள்ளுறதில்லை.

ஒரு கொப்பியில் வலி துவங்கின திகதியை எழுதுறன். இரண்டு கிழமைக்குள் போனால் வெட்டிவிடுவன். போகாட்டில் வைத்தியருக்குச் சொல்லுவன். கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் வெட்டினதுதான் கூட. பயம் வாற நேரம் அந்தப் பக்கங்களைத்தான் பார்க்கிறனான்.

செம்பருத்தி:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்கள் எல்லோருக்கும் எது பயமோ அது எனக்கு நடந்தது. படிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

ஆறு வருடம் கழித்து முதுகெலும்பில் வந்தது. வழக்கமான ஸ்கேன் எதிலும் கண்டுபிடிக்கவில்லை. அடி முதுகில் ஒரு வலி. மோட்டார் கெட்டுப்போய்க் குடம் தூக்கியதால் என்று நினைத்தேன். மோட்டார் சரியான பிறகும் வலி போகவில்லை, படுத்தால் கூடியது. போய்ச் சொன்னேன், அன்றே ஸ்கேனுக்கு எழுதினார்கள். இப்போது மூன்று வாரம் போட்டு ஒரு வாரம் விடுகிற ரைபோசிக்லிப் என்கிற புற்று மாத்திரை, கூடவே ஹார்மோன் மாத்திரை, எலும்புக்கு ஒரு ஊசி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு, அதிலும் மாலை நேர வகுப்பு வேறு.

மாடித்தோட்டம், உங்கள் மாமியார் சொன்னதுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் நானும் உங்களைப் போலவே பயந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம் வேலை, பையன் படிப்பு என்று அடியோடு மறந்தேன். மறந்திருந்த காலத்தில்தான் வந்தது. நினைத்தால் வரும் என்றால் எனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். பயம் புற்றைத் திரும்பக் கொண்டுவருகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று என் டாக்டரும் தெளிவாகச் சொன்னார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். "பாசிட்டிவா இருந்தா வராது" என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். எனக்கு அது எப்படிக் கேட்கிறது என்றால், நான் சரியாக இல்லாததால்தான் வந்தது என்று கேட்கிறது.

மாடித்தோட்டம்:

செம்பருத்தி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நிறைய அழுதேன். பயத்தில் அழவில்லை. மாமியார் சொன்ன அந்த வார்த்தை எவ்வளவு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

பொள்ளாச்சி மகள்:

எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த முதல் வருடம் எல்லாச் செக்கப்புக்கும் வந்தார். இப்போது மேமோகிராமுக்குக் கூப்பிட்டால் "போனாத்தானே சொல்லுவாங்க" என்கிறார். ஃபைலை பீரோவுக்கு மேல் துணி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டார். டமாக்சிஃபன் என்கிற ஹார்மோன் மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று சந்தேகமாக இருக்கிறது, அட்டையில் மாத்திரை மிச்சம் இருக்கிறது. பயமே இல்லை என்று சாதிக்கிறார். என்ன செய்யட்டும்?

வைகைக்கரை:

கண்ணு, உன் அம்மாவுக்கும் இதே பயம்தான், ஓடி ஒளிகிற பயம். அறிவுரை சொல்லாதே, அழுது கெஞ்சவும் செய்யாதே. எது கஷ்டம் என்று கேட்டுப் பார். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மேமோகிராமில் தட்டு வைத்து அமுக்கும்போது கரண்ட் வைத்த மார்பு உயிர் போகிற மாதிரி வலித்தது, அதை வெளியே சொல்லக் கூச்சம். எடுக்கிற பெண்ணிடம் முன்கூட்டியே சொன்னால் மெதுவாகச் செய்வார்கள். இன்னும் சிலருக்கு டெஸ்டைவிட ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுதான் தாங்காது. காலையில் எடுத்து அன்றே டாக்டரைப் பார்க்க முடிகிற மாதிரி நேரம் வாங்கு.

மாத்திரை விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதே. ஹார்மோனால் வளர்கிற வகைப் புற்றுக்கு அந்த மாத்திரைதான் காவல். சூடு பறக்கிறது, வியர்க்கிறது என்று நிறையப் பேர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது, டாக்டரிடம் சொல்லலாம்.

கீழவாசல் (தஞ்சாவூர்):

எனக்கு 36 வயது, டிரிப்பிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்காத வகை. மாத்திரை எதுவும் கிடையாது, அதனால் வெறுங்கையோடு நிற்கிற மாதிரி இருக்கிறது. ஐந்து வருடம் தாண்டினால் தப்பித்துவிட்டோம் என்கிறார்களே, உண்மையா?

வார்டு சிஸ்டர்:

கீழவாசல், உங்கள் வகையில் திரும்ப வருவது பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள்தான். ஐந்து வருடம் தாண்டினால் அபாயம் நன்றாகக் குறைந்துவிடுகிறது. ஹார்மோன் வகையில் அப்படி இல்லை, சிறிய அளவிலான அபாயம் 20 வருடம் வரைகூட நீள்கிறது. அதனால்தான் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். யாருக்கு எவ்வளவு என்பது கட்டியின் அளவு, நெறிக்கட்டி எத்தனை என்பதைப் பொறுத்தது. உங்கள் டாக்டரிடம் உங்கள் ரிப்போர்ட்டை வைத்துக் கேளுங்கள். இன்னொன்று, உங்கள் வயதில் டிரிப்பிள் நெகட்டிவ் என்றால் குடும்ப வழியில் வருகிறதா என்று பார்க்கிற பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசியிருப்பார்கள். பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

மனம் பேசுவோம்:

நான் புற்றுநோயாளிகளுக்கு ஆலோசனை தருகிற உளவியலாளர். இந்தப் பயத்துக்கென்றே ஆராய்ந்து உருவாக்கிய சிகிச்சைகள் இருக்கின்றன, நம் ஊரில் அது பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் 222 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2017இல் முடிவு வெளியானது. ஒரு குழுவுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி, இன்னொரு குழுவுக்குப் பயத்தைக் கையாளும் ஐந்து அமர்வுகள். பயத்தைக் கையாளும் அமர்வு பெற்றவர்களுக்குத்தான் பயம் கூடுதலாகக் குறைந்தது. நோய் வராது என்று நம்ப வைப்பது அதன் நோக்கமல்ல. வந்த நினைப்போடு மல்லுக்கட்டாமல் அதை இருக்க விட்டு, வாழ்க்கையில் எது முக்கியமோ அந்தப் பக்கம் திரும்பப் பழக்குகிறது.

அதில் ஒரு பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். உட்கார்ந்து சுற்றியுள்ள சத்தங்களைக் கவனியுங்கள். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம் பக்கத்து வீட்டுக் குக்கர். அப்புறம் தெருவில் காய்கறி வண்டியின் மைக். பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக மாறுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். நடுவில் பயம் வந்தால் அதுவும் ஒரு சத்தம் போல இருந்துவிட்டுப் போகட்டும். இதைப் பயம் இல்லாத நேரத்தில் தினமும் பழக வேண்டும். கவனத்தை நாமே நகர்த்த முடியும் என்பது அப்போதுதான் கைவரும்.

வாரக்கணக்கில் தூக்கம் போனால், ஒரு நாளில் பல தடவை உடம்பைத் தடவிப் பார்த்தால், செக்கப்பையே தவிர்த்தால், தனியாகச் சமாளிக்க வேண்டாம். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், நீங்கள் டமாக்சிஃபன் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள். பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை டமாக்சிஃபனின் வேலையைக் குறைத்துவிடக்கூடும். அந்தச் சிக்கல் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன.

மாடித்தோட்டம்:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். காகிதத்தில் எழுதிக்கொண்டு போனதால் எதுவும் விட்டுப்போகவில்லை. இடுப்பையும் முதுகெலும்பையும் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். மாத்திரையால் வருவதுதான் என்று சொல்லி, வைட்டமின் டி பார்க்கவும் எலும்பு உறுதியை அளக்கிற டெக்சா ஸ்கேனுக்கும் எழுதினார். பெட் ஸ்கேன் கேட்கவே கேட்டேன். "எடுத்து ஒன்றும் இல்லை என்றால் எத்தனை நாளைக்கு நம்புவீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இப்போதைக்கு எடுக்கவில்லை.

வைகை அக்கா, தழும்பைத் தொட்டுக் காட்டச் சொன்னேன், சிஸ்டர் பொறுமையாகக் காட்டினார். பயந்துகொண்டிருந்த உருண்டை தையல் முடிச்சு. அழுத்திப் பார்ப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஆலோசகரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

பொள்ளாச்சி மகள்:

அம்மா வாய் திறந்தார். மேமோகிராம் பயம் இல்லையாம். போன தடவை ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதற்கப்புறம் இறந்துவிட்டாராம், அந்த நாற்காலியில் மறுபடி உட்கார முடியாதாம். எனக்கு இது தெரியவே தெரியாது. வேறு சென்டரில் எடுக்க ஒத்துக்கொண்டார். மாத்திரை விஷயம் இன்னும் பேசவில்லை.

சேலத்துக்காரன்:

எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பனையோலை தங்கச்சி சொன்ன மாதிரி இப்போது "எந்த இடத்தில் பயம்" என்று கேட்கிறேன், பதில் வருகிறது. சிஸ்டர், ஒரு கேள்வி. அடுத்த மாதம் ஸ்கேனுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். ரத்து செய்துவிடலாமா?

வார்டு சிஸ்டர்:

நான் சொல்லி ரத்து செய்யாதீர்கள் அண்ணா. இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் டாக்டரைப் பாருங்கள், இதுவரை எடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அண்ணியையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். மேமோகிராம் தேதியை மட்டும் தள்ள வேண்டாம்.